அந்த முப்படி எங்கிருந்து வந்தது?

நுழைவுத்தேர்வுக்குப் படித்தவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். 2ஏ + 3பி + 6சி = 0 என்றால், ஏ·எக்ஸ்² + பி·எக்ஸ் + சி = 0 என்ற இருபடிச் சமன்பாட்டுக்கு 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு மூலமாவது உண்டு என்று நிறுவ வேண்டும்.

வழிகாட்டிகளில் விடை நாலே வரிதான். (ஏ/3)எக்ஸ்³ + (பி/2)எக்ஸ்² + சி·எக்ஸ் என்ற முப்படியை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எக்ஸ் 0 என்றால் அதன் மதிப்பு 0. எக்ஸ் 1 என்றால் (2ஏ + 3பி + 6சி)/6, அதுவும் 0. எனவே ரோலின் தேற்றப்படி நடுவில் எங்கோ அதன் வகைக்கெழு 0 ஆகும். அந்த வகைக்கெழுதான் நம்முடைய இருபடி. முடிந்தது.

விடையில் தப்பே இல்லை. ஆனால் அந்த முப்படி எங்கிருந்து குதித்தது? நான் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் இதைக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

உட்கார்ந்து யோசித்தால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அந்த முப்படி, இருபடியைத் தொகையிட்டால் கிடைப்பது. கொடுத்த நிபந்தனையின் பொருள் இதுதான்: 0 முதல் 1 வரை, அச்சுக்கு மேலே வளைகோடு அடைக்கும் பரப்பும் கீழே அடைக்கும் பரப்பும் சமம். மேலேயும் கீழேயும் போகிற கோடு நடுவில் அச்சைக் கடந்துதானே ஆகணும்? இந்த ஒரு வரியை எழுதாததுதான் என் புகார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இருபடியின் மதிப்பை 0, 1/2, 1 ஆகிய மூன்று இடங்களில் கண்டுபிடியுங்கள். நடு மதிப்பை மட்டும் 4 மடங்காக்கி மூன்றையும் கூட்டினால் வருவது அதே 2ஏ + 3பி + 6சி! சிம்சன் விதிதான் இது. கூட்டுத்தொகை 0 என்றால் மூன்றும் ஒரே குறியில் இருக்க முடியாது. மூன்றும் 0 ஆகவும் முடியாது, ஏனென்றால் இருபடிக்கு மூன்று மூலங்கள் கிடையாது. ஒன்று மிகை, ஒன்று குறை. மிச்சத்தை இடைமதிப்புத் தேற்றம் பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. 3எக்ஸ்² − 4எக்ஸ் + 1 = 0 என்பதை எடுங்கள். மூன்று மதிப்புகள் 1, −1/4, 0. அதனால் மூலம் 0-க்கும் 1/2-க்கும் நடுவிலேயே இருக்கிறது (அது 1/3). ரோல் வழியில் போனால் 0-க்கும் 1-க்கும் நடுவில் என்பதோடு நின்றுவிடுவோம்.

வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் இன்னொன்று: இந்த நிபந்தனை போதுமானது, கட்டாயமானது அல்ல. 2எக்ஸ்² − 3எக்ஸ் + 1 = 0-க்கு 1/2 ஒரு மூலம். ஆனால் 2ஏ + 3பி + 6சி இங்கே 1.

வேடிக்கை என்னவென்றால், மிஷல் ரோல் 1691-இல் தன் தேற்றத்தை நிறுவியது பல்லுறுப்புக் கோவைகளுக்கு, அதுவும் இயற்கணித வழியில். நுண்கணிதத்தையே சந்தேகப்பட்டு பாரிஸ் அகாதமியில் எதிர்த்தவர் அவர். சமன்பாட்டின் மூலங்களைப் பிரித்துக் காட்டத்தான் அவருக்கு இந்தக் கருவி. ஆக, மூலம் தேடும் கணக்கில் அவர் பெயர் வருவது பொருத்தம்தான்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். 4ஏ + 3பி + 3சி = 0 என்று கொடுத்தால் மூலம் எந்த இடைவெளியில் இருக்கும்? முப்படியை மட்டும் மனப்பாடம் செய்தவர் திணறுவார். பரப்பைப் புரிந்துகொண்டவர் 0 முதல் 2 வரை தொகையிட்டுப் பார்ப்பார்.