முகத்தைக் கோணலாக்கியது யார்?

எம்.ஏ. தமிழில் எங்களுக்கு மெய்ப்பாட்டியல் நடத்தினார்கள். உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. எட்டில் ஒன்று இளிவரல். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்து ‘தள்ளி நில்லுடா’ என்று சொல்வதால் வருகிற இளிவு இந்த நாலில் எதில் சேரும்? அன்றைக்குக் கேட்கத் தோணவில்லை.

சவி சாவர்க்கரின் ஓவியங்களைப் பார்த்த பிறகுதான் தோணியது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அந்த இந்துத்துவச் சாவர்க்கர் வகையறா இல்லை. 1961இல் நாக்பூரில் பிறந்த தலித் ஓவியர். அம்பேத்கர் 1956இல் பௌத்தம் தழுவிய ஊர் அது. பரோடாவில் படித்தவர், டில்லி ஓவியக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர்.

ஒரு தோழர் கொண்டுவந்த புத்தகத்தில் அந்த உருவத்தைப் பார்த்தேன். கழுத்தில் கலயம், கூடவே துடைப்பம். பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில் தீண்டப்படாதவன் எச்சில் தரையில் விழக்கூடாது என்று கழுத்தில் கலயம், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பம். ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் 1936இல் அம்பேத்கர் இதைப் பதிவு செய்திருக்கிறார். சவி இந்த உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறார். தேவதாசியாக்கப்பட்ட பெண்களையும் வரைகிறார். தடித்த, முரட்டுக் கோடுகள். முகங்கள் இழுபட்டு, நசுங்கி, கோணிக் கிடக்கின்றன.

கூட இருந்த அக்கா கோபப்பட்டார். “நம்ம சனத்த இவ்ளோ அசிங்கமாவா வரையணும்? நம்ம தெரு சுவத்துல அண்ணல் கோட்டு சூட்டோட எவ்ளோ கம்பீரமா நிக்கிறாரு, அதப் பாரு!”

இந்தக் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. நம்மைக் கோமாளியாகவும் குரூபியாகவும் காட்டியவர்கள் நிறையப் பேர். ஏழ்மையை ‘அழகாக’ வரைபவர்களும் உண்டு. சுருக்கம் விழுந்த முகம், ஈரக் கண்கள், அவ்வளவுதான். சுருக்கத்தைப் போட்டவன் படத்தில் இருக்க மாட்டான். பார்க்கிறவனுக்குப் பரிதாபம் வரும், குற்ற உணர்வு வராது.

சவி அந்த வசதியைத் தருவதில்லை. கலயமும் துடைப்பமும் முகத்தோடு சேர்ந்தே நிற்கின்றன. முகம் ஏன் இப்படி ஆனது என்பதற்கான சாட்சியம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கோணல் ஓவியனின் விருப்பம் இல்லை. சாதி கோணலாக்கியதை அவர் உள்ளபடி வரைகிறார். அழகியல் பேசுகிறவர்கள் இதைச் சிதைப்பு என்கிறார்கள். சிதைத்தது யார் என்பதுதான் நம்முடைய கேள்வி.

ஒரு சங்கடமும் உண்டு. பேஷ்வாக்களின் வரலாறு தெரியாத ஒருவர் கண்காட்சிச் சுவரில் இதைப் பார்த்தால் கலயம் வெறும் அலங்காரமாகிவிடலாம். அந்த வரலாற்றைச் சொல்ல வேண்டியது நம் வேலை.

அக்கா மறுபடி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “அந்தக் கலயத்தக் கழட்டிட்டா மூஞ்சி நேராயிடும் போல இருக்கே” என்றார்.

சுவரில் நிற்கிற அண்ணலின் முகம் நாம் போராடி நிமிர்த்திக்கொண்ட முகம். சவி வரைவது நமக்குச் செய்யப்பட்டது. அடுத்த கூட்டத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டப் போகிறோம். மெய்ப்பாட்டியல் படிக்கிற மாணவர்கள் அவசியம் வரவும்.