தூண்டிலும் இரையும்: ஒரு மொழிபெயர்ப்புச் சொல் பற்றி

பாவத்தில் இன்பமே இல்லை என்று மேடைச் சொற்பொழிவாளர் சிலர் அடித்துக் கூறுவர். விவிலியம் அவ்வாறு கூறவில்லை. வஞ்சத்தால் பெற்ற உணவு முதலில் இனிக்கும், பின்னரே வாய் நிறையக் கல்லாகும் என்னும் கருத்தை நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரத்தில் காணலாம். இனிப்பை அந்நூல் மறுக்கவில்லை. இனிப்பு எவ்வளவு நேரம் நிற்கும், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பனவே அதன் வினாக்கள். இந்த நுட்பம் நம் தமிழ் விவிலியத்தில் ஓரிடத்தில் மங்கிவிட்டது என்பது என் கருத்து. தமிழாசிரியர்கள் சீர்தூக்கிப் பார்க்குமாறு அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம், 14-ஆம் வசனம். மனிதனைச் சோதனைக்குள் வீழ்த்துவது அவனவனுடைய இச்சையே என்பது அங்குள்ள செய்தி. மூலமாகிய கிரேக்கத்தில் இரண்டு வினைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது இழுத்தலைக் குறிக்கும். பின்னது 'தெலெயாசோ' என்பதன் வடிவம். 'தெலெயர்' என்றால் இரை. ஆகவே அவ்வினைக்கு இரை காட்டி ஈர்த்தல் என்பது பொருள். மீன் பிடிப்போரும் வேட்டையாடுவோரும் வழங்கிய சொல் அது.

பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பெற்று 1871-இல் நிறைவெய்தி, இன்றும் சீர்திருத்தச் சபையார் பலர் ஓதிவரும் தமிழ்ப் பதிப்பு இவ்விடத்தில் 'சிக்குண்டு' என்று பெயர்த்தது. நல்ல தமிழ்ச்சொல்தான், ஓசையும் பொருந்துகிறது. ஆனால் சிக்குதல் என்பது முடிவு. வலையில் கால் பட்டாலும் சிக்கலாம், முள்வேலியில் ஆடை பட்டாலும் சிக்கலாம். அங்கே இன்பம் இல்லை, விருப்பம் இல்லை, ஏமாற்றும் இல்லை. தூண்டிலைக் காட்டிய மொழிபெயர்ப்பாளர் இரையைக் காட்டாமல் விட்டுவிட்டார். இரை இன்றேல் பாவத்தின் வஞ்சகம் என்னும் கருத்துக்கே இடமில்லை.

தமிழில் இதற்குச் சொல் வறட்சி இல்லை. சூது அதிகாரத்து முதற் குறளை, 931-ஆவதை, நோக்குக. சூதில் வெற்றியே கிட்டினும் அது மீன் தூண்டிற்பொன்னை விழுங்கியது போன்றது என்கிறார் வள்ளுவர். ஈண்டுப் பொன் என்பது இரும்பு. இரையால் மறைந்த தூண்டில் இரும்பு என்று பரிமேலழகர் விளக்கம் தருகிறார். வகுப்பில் சில ஆசிரியர் இதனைத் தங்கம் என்றே சொல்லிச் செல்வதுண்டு, அது பிழை. ஆயினும் கேட்பவன் காதில் தங்கமும் ஒலிப்பதில் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது.

தோற்றவனைப் பற்றி அன்று, வென்றவனைப் பற்றியே வள்ளுவர் கவலைப்படுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். நாலு நம்பரில் ஒருமுறை ஐம்பது வெள்ளி விழுந்தவர் பிறகு எத்தனை வாரம் அந்தக் கடை வாசலில் நிற்கிறார் என்பதைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கையில் வந்த ஐம்பது வெள்ளி பொய்ப் பணம் அன்று. பத்து காவான் ஆற்று முகத்தில் தூண்டில் போடும் சிறுவன் கோப்பதும் மெய்யான புழுவைத்தான்.

எனினும் இருவரும் ஒன்றே கூறினர் என்று முடித்துவிடுதல் ஆகாது. குறளில் தூண்டில் வெளியே கிடக்கிறது. மீன் அதனிடம் செல்கிறது. யாக்கோபிலோ தூண்டில் போடுவது அவனவன் சொந்த இச்சை. மீனும் தூண்டிற்காரனும் ஓர் உடலில் இருக்கின்றனர். பிறரைக் குறை கூறும் வாயிலை அவ்வசனம் அடைத்துவிடுகிறது. 'சிக்குண்டு' என்னும் சொல்லால் நாம் இழந்தது இந்த உவமையின் முழு வன்மையை.

பழைய ஏற்பாட்டுக் கதைகள் இரையை மறைப்பதில்லை. ஏசா பசித்து வருகிறான். பயற்றங்கூழுக்குத் தலைமகன் உரிமையை விற்றுவிடுகிறான். அதன்பின் உண்டான், குடித்தான், எழுந்தான், போனான் என்று வினைகள் மளமளவென்று அடுக்கி வருகின்றன. கூழின் சுவை எத்தனை நொடி நின்றது என்பதை அந்த நடையே சொல்லிவிடுகிறது. அம்னோன் கதை இதனினும் கொடியது. தாமாரின்மேல் கொண்ட வேட்கையால் நோயுற்றுக் கிடந்தவன், அவளுக்குக் கொடுமை இழைத்த உடனே அவளை வெறுக்கிறான். வெறுப்பு முன்னைய வேட்கையினும் பெரிதாயிற்று என்கிறது நூல். ஏன் என்று விளக்கவில்லை. உரையாசிரியர் பலர் விளக்க முயன்று கதையை நீர்க்கச் செய்துவிட்டனர்.

இனி, எபிரெயர் நிருபம் 11-ஆம் அதிகாரத்தில் மோசே துறந்த பாவ இன்பத்துக்கு அதே தமிழ்ப் பதிப்பு 'அநித்தியமான' என்று அடை தந்தது. மூலச்சொல் சிறிது காலமே நிற்பது என்று பொருள்படும். இது பழுதற்ற பெயர்ப்பு. ஆனால் நாலடியாரின் நிலையாமை அதிகாரங்களில் பழகிய நம் செவி, அநித்தியம் என்றதும் துறவு என்று கேட்டுவிடும். மோசே காட்டுக்குத் தவம் செய்யப் போனவனாக அங்குப் போற்றப்படவில்லை. அரண்மனையை விட்டு, செங்கல் அறுத்துக்கொண்டிருந்த தன் மக்களோடு துன்பப்படுவதைத் தெரிந்துகொண்டவன் அவன். கற்பிக்கும்போது இதனைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும்.

யாக்கோபு வசனத்துக்கு 'இரைகாட்டி ஈர்க்கப்பட்டு' என்பது என் சிற்றறிவுக்கு எட்டிய பெயர்ப்பு. ஓசையில் 'சிக்குண்டு' என்பதற்கு ஈடாகாது என்பதும் எனக்குத் தெரிகிறது. இதனினும் குறுகிய சொல் காண்பவர் எழுதலாம்.