மஞ்சள் பட்டையில் ஒரு புள்ளி

போன மாதம் சித்தி ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். மஞ்சளின் நடுவே சின்னதாய் ஒரு புள்ளி. கீழே, இடுப்பில் தொடையெலும்புக் கழுத்து 0.640, டி-ஸ்கோர் -1.8, ஆஸ்டியோபீனியா. "எனக்கு எலும்பு தேய்ஞ்சு போச்சாம்டா" என்றார். வயது 58. இதுவரை விழுந்ததும் இல்லை, எதுவும் முறிந்ததும் இல்லை.

(மூட்டு தேய்ந்தாலும் தேய்மானம், எலும்பு புரையோடினாலும் தேய்மானம் என்று நாம் ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்து வைத்திருப்பது தனிக் குழப்பம்.)

-1.8 என்றால் யாரைவிடக் குறைவு? 1988 முதல் 1994 வரை அமெரிக்க அரசு நடத்திய உடல்நலக் கணக்கெடுப்பில் பங்கேற்ற, 20 முதல் 29 வயது வரையுள்ள வெள்ளையினப் பெண்களைவிட. அவர்களின் தொடையெலும்புக் கழுத்தில் சராசரி அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 0.858 கிராம், திட்ட விலக்கம் 0.120. சித்தியின் 0.640-லிருந்து 0.858-ஐக் கழித்து 0.120-ஆல் வகுத்தால் -1.8 வந்துவிடும். 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைப்படி -2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை; -1-க்கும் -2.5-க்கும் இடைப்பட்டது ஆஸ்டியோபீனியா.

இந்த ஏற்பாட்டை எடுத்த எடுப்பில் தூக்கி எறிய முடியாது. ஒரே இடுப்பை இரண்டு கம்பெனி மெஷின்களில் அளந்தால் இரண்டு எண் வரும். ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி 'இளம் வயதுச் சராசரி' வைத்திருந்தபோது, மெஷின் மாறினால் நோயும் மாறியது. இடுப்புக்கு ஒரே ஒப்பீட்டுத் தரவு வந்ததும் அந்தக் கூத்து பெருமளவு அடங்கியது. எண்ணுக்கும் முறிவுக்கும் உள்ள உறவும் உறுதியானது: இடுப்பின் அடர்த்தி ஒரு திட்ட விலக்கம் குறைந்தால், இடுப்பு முறியும் அபாயம் சுமார் இரண்டரை மடங்காகிறது.

கோளாறு தொடங்குவது நடுப்பட்டையில்தான். -1 என்பது இயற்கை போட்ட கோடு அல்ல, புள்ளியியல் போட்ட கோடு. மணி வடிவ வளைவின் கணக்குப்படி, நல்ல ஆரோக்கியமான நூறு இளம்பெண்களை வரிசையில் நிறுத்தினால் அவர்களிலேயே சுமார் 16 பேர் அதற்குக் கீழே நிற்பார்கள். அவர்களுக்கு என்ன நோய்? ஒன்றும் இல்லை. மக்கள் கூட்டங்களை ஒப்பிடப் பயன்பட வேண்டிய ஒரு வகைப்பாடு, மருந்துச் சீட்டில் நோயின் பெயராக ஏறிவிட்டது.

இரண்டாவது கோளாறு மெஷினின் பார்வையிலேயே இருக்கிறது. சித்திக்கு எடுத்த டெக்ஸா (எக்ஸ்ரே) ஸ்கேன் எலும்பின் நிழலை அளக்கிறது. எலும்பின் பருமன் மெஷினுக்குத் தெரியாது. ஒரே பாகில் இரண்டு மைசூர்பாகுக் கட்டிகளை வெட்டிக்கொள்வோம்: ஒன்று எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர், மற்றது 3. கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் என்றால், சின்னது 8 கிராம், அதன் நிழல் 4 சதுர சென்டிமீட்டர். டெக்ஸா கணக்கில் அடர்த்தி 2. பெரியது 27 கிராம், நிழல் 9, அடர்த்தி 3. பாகு ஒன்றுதான்! நான்கே முக்கால் அடி உயரமுள்ள சித்தியின் எலும்பு, உயரமான அமெரிக்கப் பெண்ணின் எலும்போடு ஒப்பிடப்படும்போது நடப்பதும் ஓரளவு இதுதான்.

அப்படியானால் இந்தியருக்குத் தனி அளவுகோல் வேண்டாமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010-இல் அப்படியொரு தரவை வெளியிட்டது. அதைக்கொண்டு கணக்கிட்டால் பலர் மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்துவிடலாம். ஆனால் எலும்பு அப்படியேதான் இருக்கும். நம் இளைஞர்களில் பலருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை; கால்சியமும் போதாது. அவர்களின் சராசரியையே 'இயல்பு' என்றால், குறைபாட்டுக்கு நாமே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். சராசரி வேறு, ஆரோக்கியம் வேறு. ஆகவே பொது அளவுகோல் ஒன்றே போதும் என்பதுதான் என் கட்சி. எலும்பு அடர்த்தி அளவீட்டுக்கான சர்வதேசச் சங்கமும் ஆண்களுக்குக்கூட அதே இளம்பெண் தரவைத்தான் பரிந்துரைக்கிறது. நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டுக்கு இடம் முறிவு அபாயக் கணக்கில் இருக்கிறது. வயது, எடை, பழைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகை, ஸ்டீராய்டு எல்லாம் சேர்த்துப் பத்தாண்டு அபாயத்தைச் சொல்லும் ஃப்ராக்ஸ் அப்படிப்பட்டது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இலவச எலும்புப் பரிசோதனை முகாம்களைப் பார்த்துத்தான். எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள்; ஒரு நிமிடத்தில் டி-ஸ்கோர்; பக்கத்து மேசையில் கால்சியம் டப்பா. அது அல்ட்ராசவுண்ட். -2.5 என்ற எல்லை டெக்ஸாவில் இடுப்பு, முதுகுத்தண்டு, முன்கை ஆகியவற்றை அளந்த எண்ணுக்கு மட்டுமே பொருந்தும், குதிகாலுக்குப் பொருந்தாது. வரிசையில் நின்ற யாருக்கும் அதை யாரும் சொல்லவில்லை.

சித்தியிடம், நிறத்தை விட்டுவிட்டு 0.640 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த ஸ்கேன் அதே மெஷினில் இருக்கட்டும். அப்போது 0.628 வந்தால் டி-ஸ்கோர் -1.9 ஆகும், கைகால் பதற வேண்டாம். அந்த இரண்டு சதவீத வித்தியாசம், படுத்த விதம் சற்று மாறினாலே வந்துவிடும்.