எம்ஜிபி காரில் எம்எஸ்டி பெட்டி: படுத்துவிடும் ஆர்பிஎம் முள்

எம்எஸ்டி 6ஏஎல் இக்னிஷன் பெட்டியை 1960களின் பிற்பாதி எம்ஜிபி காரில் பொருத்திச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் முன்னைவிடச் சட்டென்று பற்றிக்கொள்கிறது. அதே நேரத்தில் டேஷ்போர்டில் ஆர்பிஎம் மீட்டரின் முள் பூஜ்யத்தைவிட்டு நகராமல் கிடக்கிறது. கம்பியை எங்கோ தவறாக இணைத்துவிட்டோம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இணைப்பு சரியாகவே இருக்கும். பெட்டி வேலை செய்யும் முறையும் அந்த மீட்டர் வேலை செய்யும் முறையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. இந்தக் காரில் இந்தப் பெட்டி நல்ல முதலீடா என்ற கேள்விக்குக் குதிரைத்திறனைவிட, பொறியின் வலிமையைவிட, அந்த மீட்டரே விடை சொல்கிறது.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். அதன் 1,798 சிசி எஞ்சின், பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்பாசடரில் நம்மூர்ச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். அம்பாசடரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்த கைகளுக்கு எம்ஜிபியின் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் அந்நியமாகத் தெரியாது.

அந்தப் பழைய ஏற்பாட்டைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் மின்னோட்டம் ஏறுகிறது. 12 வோல்ட்டும் 3 ஓம் காயிலும் சேர்ந்தால் அதிகபட்சம் 4 ஆம்பியர். பாயிண்ட் திறந்ததும் அந்த ஓட்டம் அறுந்து, காயிலின் காந்தப்புலம் சரிந்து, பிளக்கில் பொறி விழுகிறது. 5,500 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 11,000 பொறி தேவை. ஒவ்வொரு பொறிக்கும் முன் காயில் நிரம்பக் கிடைக்கும் நேரம் சுமார் 3.6 மில்லிவினாடி. நல்ல நிலையில் உள்ள பாயிண்டும் காயிலும் இதைச் சமாளிக்கின்றன. அதனால் ஆரோக்கியமான, மாற்றம் செய்யாத எம்ஜிபி எஞ்சினில் இந்தப் பெட்டி கூடுதல் குதிரைத்திறன் தரும் என்று எதிர்பார்ப்பது வீண். குறை வேறிடத்தில் இருக்கிறது. 4 ஆம்பியரைத் தொடர்ந்து அறுத்துக்கொண்டே இருப்பதால் பாயிண்டின் முகம் கருகிக் குழிவிழுகிறது. ஸ்டார்ட்டர் பேட்டரியை இழுக்கும் குளிர்காலக் காலைகளில் காயிலுக்குப் போகும் மின்னழுத்தம் சரிந்து, பொறியும் மெலிகிறது.

டெக்சாஸின் எல் பாசோவில் பிறந்த எம்எஸ்டி பெட்டி இதை வேறு வழியில் செய்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை உள்ளே பல நூறு வோல்ட்டாக உயர்த்தி ஒரு கப்பாசிட்டரில் சேமிக்கிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அதை மொத்தமாகக் காயிலுக்குள் கொட்டுகிறது. டிஜிட்டல் 6ஏஎல் வகையில் அது 500 வோல்ட்டைத் தாண்டும். பேட்டரி சோர்ந்திருந்தாலும் பொறி சோர்வதில்லை. பாயிண்ட் வெறும் சைகை காட்டும் சுவிட்சாக மாறிவிடுவதால் அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டமே போகிறது. கருகல் நின்றுவிடும். ஆனால் கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேய்வது நிற்காது. இடைவெளியை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கப்பாசிட்டர் பொறி வலிமையானது, ஆனால் ஆயுள் மிகக் குறைவு. சாதாரணக் காயில் பொறி ஒரு மில்லிவினாடிக்கு மேல் எரியும். இதுவோ அதில் ஒரு சிறு பங்கு நேரத்தில் அணைந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பெட்டி ஒரே வெடிப்புக்குப் பல பொறிகளை விடுகிறது. கிராங்க் 20 டிகிரி சுற்றும்வரை இந்தத் தொடர் நீடிக்கும். 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் 20 டிகிரி என்பது சுமார் 4 மில்லிவினாடி. பல பொறிகளுக்கு அங்கே இடமுண்டு. 3,000 ஆர்பிஎம்மில் அது ஒரு மில்லிவினாடி அளவுக்குச் சுருங்கிவிடுவதால் அதற்கு மேல் ஒற்றைப் பொறிதான். ஆகவே இந்தப் பெட்டியின் நன்மை ஸ்டார்ட்டிங்கிலும் ஐடிலிங்கிலும் நகர நெரிசலிலும் தெரியும், நெடுஞ்சாலையில் தெரியாது. பந்தய ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வரும் பெட்டி, மெதுவாகப் போகும்போதுதான் தன் திறமையைக் காட்டுகிறது.

இனி ஆர்பிஎம் மீட்டர். 1964 அக்டோபர் வரை வந்த மூன்று பேரிங் எஞ்சின் கார்களில் மீட்டர் எஞ்சினிலிருந்து கேபிள் மூலம் சுழன்றது. அவற்றுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஐந்து பேரிங் எஞ்சினோடு ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மின்னணு மீட்டர் வந்தது. முகப்பின் அடியில் பொடி எழுத்தில் ஆர்விஐ என்று அச்சாகியிருந்தால் அது மின்னோட்டத் துடிப்பை எண்ணும் வகை. 1970களின் தொடக்கம் வரை இதுதான். மீட்டரைப் பின்புறம் திருப்பிப் பார்த்தால் விஷயம் விளங்கும். இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் வெள்ளைக் கம்பி நேராகப் போகாமல், மீட்டரின் முதுகில் உள்ள ஒரு சிறிய பிளாஸ்டிக் கட்டையில் வளையம் போட்டுத் திரும்புகிறது. அதன்மேல் ஓர் உலோகப் பட்டை அழுத்திப் பிடித்திருக்கிறது. கம்பிக்கும் மீட்டருக்கும் நேரடி மின் இணைப்பு கிடையாது. காயிலின் 4 ஆம்பியர் ஏறி அறும் ஒவ்வொரு முறையும் வளையத்தில் எழும் காந்தத் துடிப்பை மீட்டர் எண்ணிக்கொள்கிறது.

எம்எஸ்டி வந்ததும் காயிலுக்கு உணவூட்டும் வேலையைப் பெட்டியே எடுத்துக்கொள்கிறது. வெள்ளைக் கம்பியில் மிஞ்சுவது, பெட்டியை விழிக்கச் செய்யும் மெல்லிய சிவப்புக் கம்பிக்கான சிறிய, சீரான மின்னோட்டம் மட்டும். அதில் துடிப்பே இல்லை. எண்ண ஒன்றும் இல்லாத மீட்டர் பூஜ்யம் காட்டுவது சரியான விடைதான். ஆர்பிஎம் மீட்டருக்கென்று டிஜிட்டல் பெட்டியில் வரும் சாம்பல் நிற டேக் கம்பியும் இங்கே உதவாது. அது தருவது மின்னழுத்தச் சைகை, ஆர்விஐ மீட்டர் கேட்பதோ மின்னோட்டம்.

தீர்வு இரண்டு. எம்எஸ்டி தனியாக விற்கும் டேக் அடாப்டர் அந்த வளையத்தில் துடிப்பை மறுபடி உண்டாக்கும். மின்னோட்டத்தை எண்ணும் மீட்டருக்கு உரிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும், வேறு வகை வேலை செய்யாது. இரண்டாவது வழி, மீட்டரை நிபுணரிடம் கொடுத்து உள்ளிருக்கும் பலகையை மின்னழுத்தச் சைகைக்கு ஏற்றதாக மாற்றுவது. முகப்பும் முள்ளும் பழையபடியே இருக்கும். செலவு கூடினாலும் இரண்டாவதே மேல். பழைய காரின் எஞ்சின் அறையில் பெட்டிக்குத் துணையாக இன்னொரு பெட்டி சேர்வது, பழுது வர இன்னொரு இடத்தைச் சேர்ப்பதுதான். பெட்டியை வாங்குவதற்கு முன்பே இந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். எட்டு சிலிண்டர் அமெரிக்க எஞ்சின்களை மனத்தில் வைத்து விற்கப்படும் பொருளில், இந்த மீட்டர் சிக்கல் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் இருந்திருந்தால் எத்தனையோ பேரின் சனிக்கிழமைகள் தப்பியிருக்கும்.

1973 வாக்கில் வந்த ஆர்விசி வகை மீட்டருக்கு ஆபத்து வேறு மாதிரியானது. அதன் சைகைக் கம்பி காயிலின் மைனஸ் முனையில் இருக்கும். பெட்டியைப் பொருத்திய பிறகு அந்த முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும். கம்பியை அங்கேயே விட்டால் மீட்டர் கருகிவிடலாம். அதை எடுத்துச் சாம்பல் கம்பியில் சேர்த்தால் முள் ஒழுங்காக ஆடும். ஆரஞ்சும் கறுப்புமாகப் பெட்டியிலிருந்து வரும் இரு கம்பிகளைத் தவிர வேறெதுவும் காயிலைத் தொடக்கூடாது. டெஸ்ட் லேம்பும் கூடாது, எஞ்சின் ஓடும்போது வெறும் கையும் கூடாது.

மற்ற இணைப்புகள் எளிது. பெட்டியின் தடித்த சிவப்பு பேட்டரிக்கு, தடித்த கறுப்பு எர்த்துக்கு, பெட்டியின் வெள்ளை பாயிண்டுக்கு. எம்ஜிபியின் பேட்டரி இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருப்பதால், பேட்டரி கேபிள் வந்து சேரும் ஸ்டார்ட்டர் சாலினாய்டின் முனையிலேயே தடித்த சிவப்பைச் சேர்ப்பது வசதி. கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் இடப்புறம்; டிஸ்ட்ரிபியூட்டர் வலப்புறம். வலப்புற உள்சுவர் சூடு குறைந்த இடம், பெட்டிக்கு அதுவே பொருத்தம். கண்ணைக் குத்தும் அதன் சிவப்பு நிறம் பிடிக்காமல் குளோவ் பாக்ஸுக்குள் ஒளிப்பவர்கள் உண்டு. காற்றோட்டமில்லாமல் பெட்டி சூடேறும் என்பதால் அது நல்ல யோசனையல்ல.

1967 வரையிலான கார்களில் பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும். எம்எஸ்டி பெட்டிக்கு மைனஸ் எர்த் கட்டாயம். மாற்றினால் டைனமோவுக்கு மறுபடி துருவம் ஏற்ற வேண்டும், காயிலின் கம்பிகளை இடம் மாற்ற வேண்டும், ஆர்விஐ மீட்டருக்குள்ளும் துருவத்தைத் திருப்ப வேண்டும். மீட்டரை எப்படியும் திறந்தாக வேண்டும் என்பதால், மின்னழுத்த வகைக்கு மாற்றும் வேலையையும் அப்போதே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிளக் ஒயர்களில் சமரசம் கூடாது. செம்புக் கம்பி ஒயர்கள் பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு அழகுதான். ஆனால் அவை கிளப்பும் மின்காந்த இரைச்சல் பெட்டியைத் தடுமாறவைக்கும் என்பதால் இரைச்சலை அடக்கும் வகை ஒயர் வேண்டும். இங்கே 25டி4இன் பக்கவாட்டில் ஒயர் செருகும் மூடி குறுக்கே நிற்கிறது. அதில் கூர்முனைத் திருகு ஒன்று ஒயரைத் துளைத்துக்கொண்டு போய் நடுவிலுள்ள செம்பைத் தொட வேண்டும். நடுவில் கார்பன் நூல் இருந்தால் தொடுகை உறுதியாக இருக்காது. மேலிருந்து செருகும் மூடிக்கு மாறிவிடுவது நல்லது. ரோட்டரும் தரமானதாக இருக்கட்டும். ரிவெட் அடித்த மலிவு ரோட்டரில் பொறி பிளாஸ்டிக்கைத் துளைத்து ஷாஃப்டுக்கே பாய்ந்து, ஓடும் எஞ்சின் சட்டென்று நின்றுவிடும். பிளக் இடைவெளியை ஆலை சொன்ன 0.025 அங்குலத்திலிருந்து 0.035 வரை விரித்தால் மூடியின்மேலும் ரோட்டரின்மேலும் சுமை இன்னும் ஏறும்.

டைமிங் பார்க்கச் சாதாரண ஸ்ட்ரோப் விளக்கே போதும். டிகிரியைத் திருகி வைக்கும் டிஜிட்டல் விளக்குகள் பல பொறிகளைக் கண்டு குழம்பித் தவறான எண்ணைக் காட்டக்கூடும். சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடினால், ஆல்டர்னேட்டர் உள்ள கார்களில் சந்தேகப்பட வேண்டியது சார்ஜ் எச்சரிக்கை விளக்கை. சுழலும் ஆல்டர்னேட்டரிலிருந்து அந்த விளக்கின் வழியே திரும்பிக் கசியும் சிறு மின்னோட்டமே மெல்லிய சிவப்புக் கம்பியை உயிரோடு வைத்திருக்கும். விளக்கின் கம்பியில் ஒரு டையோடு போட்டால் தீர்ந்தது.

இத்தனையும் முடித்துச் சில வாரம் ஓட்டினால் கிடைப்பது உண்மையான சுகம். காலையில் சோக்கைச் சீக்கிரம் உள்ளே தள்ளிவிடலாம். இரட்டை எஸ்யூ கார்பரேட்டர்கள் இம்மி பிசகியிருந்தாலும் ஐடிலிங் தள்ளாடாது. நெரிசலில் ஊர்ந்த பிறகு பிளக்குகள் கரியேறி இடறுவது வெகுவாகக் குறைகிறது. 6ஏஎல்லின் ஆர்பிஎம் வரம்பை 6,000இல் வைத்தால், கியர் விழாமல் எஞ்சின் எகிறும்போது பழைய புஷ்ராட் எஞ்சினுக்கு அது காப்பு. மீட்டர் முள் படுத்துக்கிடக்கும் நாட்களில் அந்த ஒன்றுதான் காப்பு.

கேபிள் மீட்டர் கார்களுக்கும் ஆர்விசி மீட்டர் கார்களுக்கும் இந்தப் பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆர்விஐ காருக்கு மீட்டர் வேலையும் சேர்ந்தால்தான். பாயிண்ட் தொல்லை மட்டும் தீர்ந்தால் போதும் என்பவருக்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் பெர்ட்ரானிக்ஸ் போன்ற சிறு மாட்யூல் போதும். காயில் மின்னோட்டம் பழைய வளையத்தின் வழியே போவதால் முள் தானாக ஆடும்.

எதைப் பொருத்தினாலும் பழைய கம்பிகளை வெட்டாமல் வைத்திருப்பது அவசியம். வழியில் பெட்டி செயலிழந்தால் ஆரஞ்சையும் கறுப்பையும் காயிலிலிருந்து கழற்றி, காரின் பழைய வெள்ளைக் கம்பியைக் காயிலின் பிளஸ்ஸிலும் பாயிண்ட் கம்பியை மைனஸ்ஸிலும் மாட்டினால் கார் பழைய முறையில் கிளம்பிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கண்டென்சரைக் கழற்றியிருந்தால் அதையும் திரும்பப் பூட்ட வேண்டும். அது இல்லாமல் பொறி வலுவிழந்து பாயிண்ட் வேகமாகக் கருகும். கருவிப்பையில் ஒரு கண்டென்சரும், அதை இறுக்கப் பொருத்தமான சிறு ஸ்க்ரூடிரைவரும் இருக்கட்டும்.