சங்கிலி யாருடையது?

ராக் ரசிகர்கள் நடுவே ஓயாத சண்டை ஒன்று உண்டு: மூலம் சிறந்ததா, கவர் சிறந்ததா? ஸ்டுடியோவா, மேடையா? இதில் நானும் மணிக்கணக்காக வாதாடியிருக்கிறேன். 'மூலம்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம் காதில் முதலில் விழுந்ததைத்தான் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. 'ஹவுண்ட் டாக்' எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு என்றும், 'பால் அண்ட் செய்ன்' ஜானிஸ் ஜாப்ளினின் பாட்டு என்றும் நம்பியிருந்தவள் நான். இரண்டையும் முதலில் பாடியவர் ஒரே பெண். அலபாமாவில் 1926இல் பிறந்த கறுப்பினப் பாடகி வில்லி மே தார்ன்டன். மேடைப் பெயர் 'பிக் மாமா'. ஹார்மோனிகாவும் டிரம்ஸும் வாசிப்பார். பேன்ட், ஆண்கள் சட்டையோடு மேடையேறத் தயங்காதவர்.

1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் 'ஹவுண்ட் டாக்' பதிவானது. எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளை இளைஞர்கள். இருவருக்கும் 19 வயது. தார்ன்டனின் குரலையும் தோரணையையும் பார்த்துவிட்டு அவருக்காகவே எழுதினார்கள். தன் காசில் உட்கார்ந்து தின்றுகொண்டு, நல்லவன் வேஷம் போடும் ஆணைப் பெண் ஒருத்தி வாசலுக்கு வெளியே தள்ளுகிற பாட்டு. 'நாய்' என்பது அந்த ஆண். தார்ன்டன் அதை அவசரப்படாமல், உறுமிக்கொண்டு பாடுகிறார். கிதார் தனியாக ஒலிக்கும்போதும் அவர் வாய் ஓய்வதில்லை; வாசிப்பவரை ஏவிக்கொண்டே இருக்கிறார். முடிவில் வாத்தியக்காரர்கள் நாய்களாக ஊளையிடுகிறார்கள். அறை முழுக்க அவர் சொல்படி நடக்கிறது. 1953இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 7 வாரம் முதலிடம்.

எல்விஸுக்கு இந்தப் பாட்டு லாஸ் வேகஸ் குழு ஒன்றின் வழியாக, வரிகள் மாற்றப்பட்டு வந்து சேர்ந்தது. துரத்தப்படும் ஆண் காணாமல் போய்விட்டான். முயல் பிடிக்கத் தெரியாத நிஜ நாய் வந்துவிட்டது. 1956 ஜூலை 1 அன்று தொலைக்காட்சியில் எல்விஸை ஓர் உண்மையான நாயைப் பார்த்து இதைப் பாட வைத்தார்கள். மறுநாள் ஸ்டுடியோவில் பதிவு. அந்த வேகமும் டிரம்ஸின் அதிர்வும் எனக்கு இன்றும் பிடிக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டில் யார்மீது யாருக்குக் கோபம்? பெண்ணின் கோபத்தைக் கழற்றிவிட்டபின் மிஞ்சியது தாளம் மட்டும். அதுதான் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது.

'திருட்டு' என்று ஒற்றைச் சொல்லில் இதை முடித்துவிடப் பலருக்கும் ஆசை. எனக்கு அது போதவில்லை. வெளியான பாட்டை யார் வேண்டுமானாலும், நிர்ணயித்த தொகையைக் கொடுத்து, மறுபதிவு செய்ய அமெரிக்கச் சட்டம் 1909 முதல் இடம் தருகிறது. அந்தத் தொகை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போகும், பாடியவருக்குப் போகாது. காகிதத்தில் எழுதிய வரி சொத்து; அந்த வரிக்கு உயிர் கொடுத்த உறுமல் சொத்து அல்ல. தனக்குக் கிடைத்தது ஒரேயொரு 500 டாலர் காசோலைதான் என்று தார்ன்டன் பிற்காலத்தில் சொன்னார். சமைத்தவளுக்குக் கூலி இல்லை, அரிசி வாங்கியவருக்கே உரிமை என்ற கணக்கு பெண்களுக்குப் புதிதல்ல.

சரி, எழுதியவராக இருந்தால்? 'பால் அண்ட் செய்ன்' தார்ன்டன் தானே எழுதியது. 1960களின் தொடக்கத்தில் ஒரு சிறு நிறுவனம் அதைப் பதிவுசெய்தது. வெளியிடவில்லை, பதிப்புரிமையை மட்டும் வைத்துக்கொண்டது. அவர் பாடக் கேட்ட ஜாப்ளின், அனுமதி கேட்டுத்தான் பாடினார். 1967 ஜூனில் மான்டரே விழாவில் முதல் நாள் பாடியது படமாக்கப்படாததால் மறுநாள் மீண்டும் மேடையேறினார். பென்னிபேக்கரின் படத்தில் நாம் பார்ப்பது அந்த இரண்டாம் முறை. 1968இல் வந்த 'சீப் த்ரில்ஸ்' ஆல்பத்திலும் இந்தப் பாட்டு உண்டு. அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி ஸ்டுடியோப் பதிவு. கூட்டத்தின் சத்தம் பிறகு ஒட்டப்பட்டது. 'பால் அண்ட் செய்ன்' மட்டும் உண்மையிலேயே மேடையில் பதிவானது. கேட்டால் வித்தியாசம் தெரியும்.

ஜாப்ளினின் பாட்டில் காதலே சங்கிலி. அதை அறுக்க உடம்பு முழுவதையும் எறிகிறார். தார்ன்டனின் பாட்டில் சங்கிலி ஏற்கெனவே காலில் இருக்கிறது. அதன் கனம் தெரிந்தவர் துள்ளமாட்டார்; நின்று, மூச்சை அளந்து பாடுவார். ஒருத்தி கேட்டு வாங்கிப் பாடினாள், இன்னொருத்தி கொடுத்தாள். இது எல்விஸின் கதை அல்ல. ஆனாலும் புகழில் பெரும்பங்கு வெள்ளைத் தோலுக்கே போனது. பெண் என்ற ஒரே சொல்லுக்குள் இருவரையும் அடைத்துவிட முடியாது என்பதைப் பெண்ணியம் பேசும் நாம் இங்கேயும் நினைவில் வைக்க வேண்டும்.

என் பட்டியலில் முதலிடம் இந்த இரண்டுக்கும் இல்லை. தார்ன்டன் 1970களில் அமெரிக்கச் சிறைகளில் பாடியதன் பதிவு 'ஜெயில்' என்ற பெயரில் 1975இல் வந்தது. 'ஹவுண்ட் டாக்', 'பால் அண்ட் செய்ன்' இரண்டும் அதில் இருக்கின்றன. இரும்புக் குண்டு கட்டிய விலங்கு கைதியின் காலுக்கென்று செய்யப்பட்டது. உவமையாகப் போன பொருளை அது புறப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய்ப் பாடுகிறார். அங்கே கேட்பவர்களின் குரலை யாரும் ஒட்ட வேண்டியதில்லை. ஜானி கேஷின் சிறைப் பதிவை அறிந்த ரசிகர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தட்டு தெரியும்?

தார்ன்டன் 1984இல் 57 வயதில், ஒரு வாடகை விடுதியில் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் எல்விஸை 1986லும், ஜாப்ளினை 1995லும், தார்ன்டனை 2024லும் சேர்த்துக்கொண்டது. அதுவும் 'தாக்கம்' செலுத்தியவர் என்ற பிரிவில். அவர் செலுத்தியது தாக்கம் மட்டுமல்ல. அவர் பாடியவை பாட்டுகள். மூன்று பேரையும் கேளுங்கள், ஆனால் இந்த முறை 1952இலிருந்து தொடங்குங்கள்.