ஆற்றுப்படையும் கங்காணியும்

ஆற்றுப்படை இலக்கியத்தை ஆராய்ந்தோருட் பலர் அதனைப் புரவலன் புகழ் பாடும் பாட்டாகவே கண்டனர். பரிசில் பெற்று மீள்வோர், பெறாதாரை எதிர்ப்பட்டு, தாம் பெற்ற வளத்தை அவரும் பெறுமாறு வழிப்படுத்தலைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் கூறுகின்றார். மீண்டவன் சொல்லை நம்பியே மற்றவன் புறப்படுகின்றான். ஆகலின், வழி கூறுவோனது வாய்மையே இவ்விலக்கியத்தின் அறம் என்பது எம் கருத்து.

இதற்கு மலைபடுகடாம் சான்றாகும். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட இப்பாட்டின் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனது ஊர் செங்கண்மா. அது சவ்வாது மலையை அடுத்துள்ள செங்கம் என்பர். பாட்டில் வரும் சேயாறும் அம்மலையில் தோன்றுவதே. இளந்திரையனது காவலால் வழியில் தீங்கில்லை என்று பெரும்பாணாற்றுப்படை கூறும். மலைபடுகடாமோ, பன்றியைப் பிடிக்க வைத்த பொறி, புனங்காப்போர் எறியும் கவண்கல், பாம்பு, வழுக்கும் பாறை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இரவில் செல்லற்க என்றும் எச்சரிக்கும். குறவர் தரும் விருந்தையும் மறைக்காது கூறும். இன்பமும் ஏதமும் ஒருங்கே கூறியமையாற்றான் கூத்தர் அச்சொல்லை நம்பினர்.

இனி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் பெருந்திரளாய்ப் பெயர்ந்த நிலையை நோக்குவோம். ஆங்கு ஆள் சேர்த்த கங்காணியும் சென்று மீண்டவனே. தன் ஊராரையும் உறவினரையுமே அழைத்தான். வடிவில் இஃது ஆற்றுப்படையே. ஆனால் வளத்தை மட்டும் கூறி ஏதத்தை மறைத்தான்; பரிசிலுக்கு மாறாக முன்பணம் கொடுத்துக் கடனாளி ஆக்கினான். உறவே தளையாயிற்று. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய ‘துண்டு’ முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இம்மறைப்பைப் புனைகதை வெளிப்படுத்திற்று. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும், பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’ ஆனைமலைத் தோட்டங்களையும் காட்டுகின்றன. ஏதம் கூறும் கடமையை இவை மேற்கொண்டமையின், ஆற்றுப்படையின் உண்மை வழித்தோன்றல்கள் இவையே எனலாம்.

இவ்வாராய்ச்சி பழங்கதை அன்று. சாமை விளைக்கும் சவ்வாது மலை மக்கள், அவ்விளைவு ஆண்டு முழுமைக்கும் போதாமையின், கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய இடங்களுக்குக் கூலிவேலை நாடிச் செல்கின்றனர். தரகரும் முன்பணமும் ஈண்டும் உள. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் தமிழர் 20 பேர் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தோர் தம்மைத் தாக்கினர் என்று படையினர் கூறினர். மனித உரிமை அமைப்பினர் அதனை மறுத்தனர். மாண்டோருள் சவ்வாது மலையினரும் இருந்தனர்.

வழியின் ஏதமெல்லாம் விரித்துரைத்த பாட்டு எழுந்த நிலப்பகுதியிலிருந்தே, ஏதம் அறிவிக்கப்பெறாத மக்கள் புறப்படுகின்றனர். அழைத்தவன் யாது கூறினான், யாது மறைத்தான் என்பதை அவர்தம் வாய்மொழியிலிருந்தே தொகுத்தல் வேண்டும். மலைபடுகடாம் பயிலும் மாணாக்கர் அப்பணியை மேற்கொள்வராயின், பாட்டின் பொருளும் விளங்கும். அம்மக்கட்கும் பயன் விளையும்.