பந்தியில் உட்காராத அன்பு

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு ‘அன்னதானக் கந்தன்’ என்று ஒரு பெயர் உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் மதியம் பந்தி நடக்கும். சோறும் மரக்கறியும்தான். வந்தவர் எந்த ஊர், என்ன சாதி என்று எவரும் விசாரிப்பதில்லை. பூசை செய்பவர்களும் பிராமணர் அல்லர். வாயைத் துணியால் கட்டி, மந்திரம் சொல்லாமல் பூசை செய்யும் மரபு அங்கே உள்ளது. கிறிஸ்தவ அன்பைப் பற்றிய கட்டுரையை ஒரு முருகன் கோயிலில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கோயில் இருக்கும் வடமராட்சியில் வாழும் கிறிஸ்தவருக்கு அயலட்டை என்பது பெரும்பாலும் சைவச் சனம். அவர்களை விட்டுவிட்டு அயலவரை நேசிப்பதைப் பற்றிப் பேசினால், ஆளில்லாத வீட்டைப் பற்றிப் பேசியதாகிவிடும்.

உபாகமத்தில் ஒன்றும் லேவியராகமத்தில் ஒன்றுமாகக் கிடந்த இரண்டு கட்டளைகளை இயேசு ஒன்றாக எடுத்துச் சொன்னதை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். கடவுளிடம் முழு அன்பு. தன்மேல் எவ்வளவோ அவ்வளவு அயலவரிடம். எங்கள் சபைகளில் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்தக் கட்டளை வட இலங்கையில் இருநூறு ஆண்டுகளாக எப்படி நடைமுறையானது, அதில் எது தேறியது, எது தேறவில்லை என்பதே என் கேள்வி.

தேறியது கொஞ்சமல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனையை வளர்த்தார். ஊர்ப் பிள்ளைகளை மருத்துவராக்கினார். அப்படி அவரிடம் படித்தவர்கள் அறுபதுக்கும் மேல். 1873இல் ஊர் திரும்புமுன் மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே பாடம் நடத்தினார். மாணவர்கள் உடையிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இனுவிலில் 1898இல் பெண்களுக்கென்று மக்லியொட் மருத்துவமனை எழுந்தது. பிள்ளைப்பேற்றில் இறந்துபோயிருக்கக்கூடிய எத்தனையோ பெண்கள் அதனால் வீடு திரும்பினார்கள். இதை நிறுவன அன்பு என்று சிலர் குறைத்துப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன்கூடச் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்துவிட்டுத்தான் போனான். மனம் இளகினால் மட்டும் போதாது; காயம் ஆறும்வரை பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். கிறீன் அந்த ஏற்பாட்டைச் செய்தார், அதுவும் நோயாளியின் மொழியில்.

ஆனால் அதே காலத்தில் உணவுப் பந்தி ஒரு சிக்கலாகவே இருந்தது. மிஷன் விடுதிகளில் உயர்சாதிப் பிள்ளைகளுக்காகத் தனிச் சமையலுக்கு மிஷனரிமார் இணங்கிப்போனார்கள். 1847இல், கிறீன் வந்த அதே ஆண்டில், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் ஒடுக்கப்பட்ட நளவர் சாதிச் சிறுவன் ஒருவனைச் சேர்த்ததற்காக வெள்ளாளப் பிள்ளைகள் எழுந்து போனார்கள். 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தன் மாநாடுகளில் சமபந்தி வைத்தபோதும் அது துணிச்சலான செயலாகவே பார்க்கப்பட்டது. காங்கிரசில் கிறிஸ்தவக் கல்லூரிகளில் படித்தவர்கள் பலர் இருந்தார்கள் என்பது மிஷன் கல்விக்குப் பெருமைதான். ஆனால் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்ததைச் சபை முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை. திருவிருந்தில் எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்கெடுக்கிறோம். ஒரே கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டுகிறோம். பிறகு வீட்டில் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது, பத்திரிகை விளம்பரத்தில் கிறிஸ்தவர் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதியும் வந்து நிற்கிறது. இதைவிடப் பெரிய குறை எங்கள் நடைமுறையில் இல்லை என்று நினைக்கிறேன். கடவுளிடம் அன்பு என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அயலவரிடம் காட்டும் அன்பு; அதை நாங்களே அழித்துக்கொள்கிறோம்.

கடவுளன்பு தனியாக நிற்குமா என்பதற்குத் தோலகட்டியைப் பார்க்கவேண்டும். தோமஸ் அடிகளார் 1928இல் அங்கே செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். மௌனம், ஒறுத்தல், ஓயாத மன்றாட்டு என்பதே அவர்களுடைய வாழ்வு. மருத்துவமனை இல்லை, கல்லூரி இல்லை. பயனற்ற வாழ்வு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் தோலகட்டியை அறியாதவர் யார்? அவர்கள் காய்ச்சும் நெல்லிரசம் சைவ வீடுகளிலும் இருக்கும். தோட்டம் கொத்தி, உழைத்து உண்டு, எவரிடமும் எதையும் எதிர்பார்க்காமல் ஊருக்காக மன்றாடும் மனிதர்கள் பக்கத்தில் இருப்பதே ஒரு கொடை என்று சைவரும் உணர்ந்திருக்கிறார்கள். துறவிக்கு மரியாதை செய்யத் தெரிந்த மண் இது. எங்கள் சேவைகள் பலவற்றுக்கு இல்லாத ஒன்று தோலகட்டிக்கு உண்டு. அது எவரையும் தனக்குக் கடன்பட்டவராக ஆக்குவதில்லை.

போர்க்காலம் இந்தக் கட்டளையைக் கடுமையாகச் சோதித்தது. 1995 ஜூலை 9 அன்று நவாலியில் விமானக் குண்டு விழுந்தபோது இடம்பெயர்ந்த சனம் புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் பக்கத்துக் கதிர்காம முருகன் கோயிலிலும் சேர்ந்தே தஞ்சமடைந்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் கிளம்பித் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, முன்பின் தெரியாதவர்களுக்குத் திண்ணையும் கிணறும் திறந்துவிடப்பட்டன. சைவர், வேதக்காரர் எனப்படும் கிறிஸ்தவர் என்ற பேதம் அந்த நாட்களில் தளர்ந்தது. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன்னர், 1990 ஒக்ரோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். துப்பாக்கிக்கு முன்னால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்களின் பயம் பொய்யானதல்ல. ஆனாலும் போர் முடிந்த பிறகு, பயம் விலகிய பிறகு, எங்கள் பிரசங்கங்களில் அந்த அயலவருக்கு எவ்வளவு இடம் கொடுத்தோம்? திரும்பி வந்த குடும்பங்களை எத்தனை சபைகள் தேடிப்போய்ப் பார்த்தன? நவாலியை நினைவுகூர்வது எங்களுக்கு எளிது. அங்கே நாங்கள் அடிபட்டவர்கள். சமாரியன் கதையில் வழியே போனவர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கதையை நாங்கள் வாசிக்கும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. பிரசங்கம் கேட்கும் எல்லாரும் தங்களைச் சமாரியனாகவே எண்ணிக்கொள்கிறோம். எண்ணெய் ஊற்றுபவர் நாங்கள், பணம் கொடுப்பவர் நாங்கள். கதையைக் கேட்ட யூதனுக்கோ அதிர்ச்சி வேறு. தன் ஆட்கள் விட்டுப்போனபின், தான் தொடவும் விரும்பாத ஒருவனின் கையால் காப்பாற்றப்படுவதை அவன் ஏற்கவேண்டியிருந்தது. கொடுக்கப் பழகிய எங்களுக்குப் பெற்றுக்கொள்ளப் பழக்கமில்லை. 2004 சுனாமி மணற்காடு போன்ற கிழக்குக் கரையூர்களை அழித்தபோது நிவாரணப் பொதிகள் லொறி லொறியாக வந்தன. நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பழக்கத்தில் கொடுப்பவர், பெறுபவர் என்று மனிதரைப் பிரித்துவைக்கும் கண்ணும் எங்களுக்கு வந்துவிட்டது.

உண்மையில் நாங்கள் நாள்தோறும் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். சாவீட்டில் அடுப்பு எரியாது. கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தாலும் சோறும் தேத்தண்ணியும் அயலட்டைச் சைவ வீட்டிலிருந்துதான் முதலில் வரும். பந்தல் போடுவதும் கதிரை இறக்குவதும் அவர்கள். இதை யாரும் அன்புப்பணி என்று எழுதிவைப்பதில்லை, ஆண்டறிக்கையிலும் வராது.

அப்படியானால் சந்நிதி மடத்தில் போய் உண்ணலாமா? சில சபைகளில் இது வாய்விட்டுக் கேட்கவும் தயங்கும் கேள்வி. படைத்த உணவு என்பது தடை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் இதை நீளமாகவே பேசுகிறார். உணவு நம்மைக் கடவுளிடம் சேர்ப்பதுமில்லை, விலக்குவதுமில்லை என்கிறார்; நம்பாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால் விசாரியாமல் உண்ணச் சொல்கிறார்; இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காக விலகவும் சொல்கிறார். உண்பவரையும் விலகுபவரையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறார்: அருகில் இருப்பவருக்கு இது என்ன செய்யும்? விலகுவதை விசுவாசத்தின் பலமாகப் பறைசாற்றுகிறவர்கள் இந்த அளவுகோலைக் கவனிப்பதில்லை. மனம் ஒப்பாதவர் உண்ணவேண்டாம், அது நேர்மை. ஆனால் பக்கத்து வீட்டு அம்மா கொண்டுவந்த பொங்கலை வாசலிலேயே திருப்பியனுப்பும்போது அங்கே காக்கப்படுவது கடவுளன்பு அல்ல. மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணக் கோயில்கள் எல்லாமே சந்நிதிபோல இருந்துவிடவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடவேண்டியிருந்தது. சந்நிதிப் பந்தியை நான் புகழ்வது சைவம் முழுவதையும் குறையற்றது என்று காட்டுவதற்கல்ல. அங்கே உள்ள நல்லதைப் பார்த்து எங்கள் பந்தியைத் திருத்துவதற்கு.

எங்கள் சபைகளில் அறுப்பின் பண்டிகை வருகிறது. காய்கறியும் வாழைக்குலையும் கொண்டுவந்து படைத்து, பிறகு எங்களுக்குள்ளேயே ஏலம் விட்டு முடிக்கிறோம். அந்த விளைச்சலை ஒருமுறை மரக்கறிச் சமையலாக்கி, தெருவையே பந்திக்கு அழைத்துப் பார்க்கலாம். பிரசங்கம் வேண்டாம், துண்டுப்பிரசுரமும் வேண்டாம். சபைக்காரருக்கென்று தனி வரிசையும் வேண்டாம். நூற்றுக்கணக்கானோருக்கு உலை வைக்கும் கணக்கு எங்களுக்குத் தெரியாது. அதற்குச் சந்நிதி மடத்துக்காரரிடம் போய் உதவி கேட்கவேண்டும்.